மாதச் சந்தாவா, வாங்கி வைப்பதா? வன்னியில் இருந்து கேட்கிறேன்

பரந்தன் சந்தி:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் சின்ன மாமா இந்த வருஷம் கேம் செலவுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனைதான். எதில் போடுவது என்று நானே யோசித்துச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு "மாமா, இது சரிவரவில்லை" என்று போன் எடுக்கக் கூடாது.

ஒன்று, மைக்ரோசொஃப்டின் கேம் பாஸ் மாதிரி ஏதாவது ஒரு சந்தாவை ஒரு வருஷத்துக்குக் கட்டலாம். இல்லையென்றால் அதே காசுக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம்களை வாங்கி வைக்கலாம். வீட்டில் மேசைக் கணினி இருக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் அட்டை போட்டது. இணையம் 4ஜி ரவுட்டர். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஊரே வீடியோ பார்க்கத் தொடங்கிவிடும், வேகம் படுத்துவிடும். தம்பிமார் இரண்டு பேர். ஒருவனுக்குக் கால்பந்து, மற்றவனுக்குக் கார் ஓடினால் போதும். எனக்குக் கதை உள்ள கேம்கள். என்ன செய்யலாம்?

மாங்குளம் மச்சான்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சந்தாதான். புதுசாக வரும் பெரிய கேம் ஒன்று 70 டொலர். டொலர் 300 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் அது 21,000 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு மாதத்துக்கு வீட்டுக்கே அரிசி மூட்டை இறக்கலாம். சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள் திறந்து கிடக்கும். பிடிக்காததை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். நான் தொட்டுப் பார்த்தவற்றில் பாதியை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விளையாடவில்லை. வாங்கியிருந்தால் அழுதிருப்பேன்.

அதோடு, தேடியே போயிருக்க மாட்டாத கேம்கள் கண்ணில் படும். ஹைஃபை ரஷ் 2023 ஜனவரியில் அறிவித்த அன்றே கேம் பாஸில் வந்தது. தாளத்துக்கு அடிக்கிற சண்டை கேம். காசு கொடுத்து வாங்கு என்றால் நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். இன்றைக்கும் என் முதல் ஐந்தில் அது இருக்கிறது.

குளக்கட்டு:
அந்தக் கேமைச் செய்த ஸ்டூடியோவை அடுத்த வருஷம் மே மாதமே மைக்ரோசொஃப்ட் மூடப்போவதாக அறிவித்ததையும் சொல்லுங்கோ மச்சான். பிறகு ஒரு கொரிய நிறுவனம் பொறுப்பெடுத்ததால் தப்பியது. அதை விடுவம்.

பரந்தன் தம்பி, நீர் கேம் விலையை மட்டும் பார்க்கிறீர். எங்கள் பக்கத்தில் ஒரு கேமுக்கு இரண்டு விலை. ஒன்று கடைக்கு, மற்றது டேட்டாவுக்கு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஏறத்தாழ 150 ஜீபி. பல்டர்ஸ் கேட் 3-உம் அப்படித்தான். 4ஜி பக்கேஜில் இரவு 12 மணிக்குப் பிறகு இறக்கினாலும், அப்படி ஒன்றோடேயே மாத டேட்டாவில் பெரும் பங்கு போய்விடும். "நூறு கேம் திறந்து கிடக்கிறது" என்பது ஃபைபர் இழுத்த வீட்டுக்காரன் பேச்சு. கிளிநொச்சி டவுனில் சிலருக்கு அது சரிவரும். குளத்துக்கு இந்தப் பக்கம் நான் மாதத்துக்கு ஒன்று இறக்கினாலே பெரிய விஷயம். ஒன்றுக்காக எதற்கு நூறுக்குக் காசு?

தொட்டுப் பார்க்க மட்டும் என்றால் ஸ்டீமிலேயே வழி இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் விளையாடி, வாங்கி 14 நாளுக்குள் கேட்டால் காசைத் திருப்பித் தருவார்கள். டேட்டாவை யாரும் திருப்பித் தர மாட்டார்கள், அது வேறு கதை.

மாங்குளம் மச்சான்:
எல்லாம் 150 ஜீபி இல்லை அண்ணை. ஸ்டார்டியூ வலி ஒரு ஜீபிகூட வராது.

குளக்கட்டு:
அப்படியென்றால் அதை வாங்கியே விடலாமே. விலையும் சின்னது, ஒரு ஆள் தனியே இருந்து செய்த கேம், பத்து வருஷம் விளையாடலாம். அதற்கு ஏன் மாதாமாதம் கட்ட வேண்டும்?

விசுவமடு வாத்தி:
பிள்ளைகள் "வாங்குவது" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்டீமில் காசு கட்டும் இடத்தில் 2024 ஒக்டோபரில் இருந்து ஒரு வரி நிற்கிறது. நீங்கள் வாங்குவது ஒரு உரிமம் என்று. திடீரென்று ஏன் போட்டார்கள்? கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. உரிமத்தை விற்கும்போது "வாங்கு" என்று மட்டும் எழுதி ஆட்களை ஏமாற்றக் கூடாது, உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது ஆரம்பத்தில் இருந்தே அது உரிமம்தான்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இது விளங்காத விஷயமே இல்லை. காணியில் நாங்கள் பார்த்ததுதான். சந்தா என்பது குத்தகை. காசை நிறுத்தினால் அடுத்த போகம் வரம்பில் கால் வைக்க முடியாது. ஸ்டீமில் வாங்குவது அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. வீடு கட்டலாம், கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம். விற்க முடியாது, கொடுத்தவர் நிபந்தனை போட்டிருப்பார். உறுதி எழுதிய சொந்தக் காணி மாதிரி வேண்டுமென்றால் ஜீஓஜி என்ற கடை. 2008-ல் இருந்து இருக்கிறது. அங்கே வாங்கினால் நிறுவும் கோப்பையே கையில் தருவார்கள், பூட்டு ஒன்றும் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் கடையே இல்லாமல் போனாலும் ஓடும்.

பெர்மிட்டைப் பறிக்கவும் முடியும் என்பதற்கு த க்ரூ சாட்சி. 2014-ல் வந்த கார் கேம். தனியே ஓடினாலும் சேர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-ல் யூபிசொஃப்ட் சேர்வரை நிறுத்தியது. அதோடு விட்டார்களா? அடுத்த மாதம் காசு கொடுத்து வாங்கியவர்களின் உரிமத்தையே கணக்கில் இருந்து எடுத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் "கேம்களைக் கொல்வதை நிறுத்து" என்று இயக்கம் தொடங்கினார். ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது.

முள்ளியவளை அக்கா:
சேர், உதாரணம் நல்லாயிருக்கிறது, ஆனால் பெர்மிட்டை நீங்கள் குறைத்துப் போட்டுவிட்டீர்கள். பெர்மிட் காணிக்குப் பின்னுரித்து எழுதலாம். அப்பா எனக்கு எழுதித்தான் நான் இந்த வளவில் இருக்கிறேன். ஸ்டீம் கணக்கை மகனுக்கு எழுதி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, உயில் மூலமும் மாற்ற முடியாது என்று அவர்களின் உதவிப் பிரிவு 2024-ல் பதில் சொன்னது. ஆகவே அது பெர்மிட்டை விடக் கீழே.

ஆனால் நான் ஸ்டீம் பக்கம்தான். ஏனென்று சொல்கிறேன்.

"கையில் கோப்பு இருந்தால்தான் சொந்தம்" என்று டவுன்காரர்கள் எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். எங்கள் அண்ணா ஜெனரேற்றர் போட்டுக் கணினி பார்த்த காலத்தில் சீடிகளைப் பிஸ்கட் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் உறை, உறையில் நீல மையில் பெயர். 2009-ல் அந்தப் பெட்டி எந்த ஊரில் எந்த மரத்தடியில் கிடந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. கையில் இருந்ததுதான் முதலில் போனது. இப்போது என் கேம் எல்லாம் ஒரு மின்னஞ்சலிலும் கடவுச்சொல்லிலும் இருக்கிறது. 2025 நவம்பர் டித்வா புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. கணினியின் பவர் சப்ளை செத்தது, ஹார்ட் டிஸ்க்கும் செத்தது. வேறு கணினி வாங்கி உள்நுழைந்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. சேமித்த இடம் உட்பட. உறுதியும் வீட்டோடு வெள்ளத்தில் போகும் சேர்.

விசுவமடு வாத்தி:
பின்னுரித்துப் பற்றிச் சொன்னது சரி பிள்ளை. வெள்ளத்துக்குப் பதில், இரண்டு பிரதி. ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வவுனியாவில் யாராவது சொந்தக்காரர் வீட்டில். ஜீஓஜியிலும் கணக்கு இருக்கும்தானே, அங்கேயும் திரும்ப இறக்கலாம். உங்களுக்குக் கிடைத்த நன்மை அங்கேயும் கிடைக்கும், மேலதிகமாகக் கோப்பும் கையில் இருக்கும்.

ஆனால் புதுப் பெரிய கேம்கள் எல்லாம் அந்தக் கடைக்கு வருவதில்லை. கால்பந்துத் தம்பி கேட்கிற புதுக் கேம் அங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாங்குளம் மச்சான்:
புயல் என்றால் சந்தாவும் அப்படித்தானே அக்கா? புதுக் கணினியில் உள்நுழைந்தால் எல்லாம் இருக்கும்.

முள்ளியவளை அக்கா:
இருக்கும், அந்த மாதக் காசு கட்டியிருந்தால். புயல் வந்த மாதம் எங்கள் வீட்டில் கேமுக்குக் காசு கட்டுகிற நிலையா இருந்தது?

மல்லாவி ரிப்பேர்:
நான் கணினி திருத்துகிற ஆள். தத்துவம் எனக்குத் தெரியாது, மேசைக்கு வருவதைச் சொல்கிறேன்.

ஏ-9 வீதி திறந்த பிறகு இந்தப் பக்கம் வந்தது முழுக்கக் கள்ளச் சீடி. வைஸ் சிட்டி, சான் அன்ட்ரியாஸ், பிறகு டிவிடி. யாரும் எதையும் வாங்கவில்லை. வாங்கியது 100 ரூபாய்க்கு ஒரு தட்டு, அதோடு இலவசமாக நாலு வைரஸ். ஆகவே "அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக இருந்தது" என்று யாராவது கண்ணீர் விட்டால் நம்பாதேயுங்கள். அதே நேரம் 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 வீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று நிறுவனம் 2023-ல் கண்டது. என் கடைப் பின்னறையில் இருக்கிற தட்டுகளில் எத்தனை அந்த 87-க்குள் வருமோ. சட்டம் படித்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

இப்போது நடக்கிற வேலை வேறு. முகநூலில் "கேம் பாஸ் கணக்கு, குறைந்த விலை, வட்ஸ்அப்பில் வாருங்கள்" என்று ஒரு விளம்பரம். காசு போட்டால் யாரோ ஒருவருடைய கணக்கின் கடவுச்சொல் வரும். கொஞ்ச நாள் ஓடும். பிறகு கடவுச்சொல் மாறும், வட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நிற்கும். என் அக்கா மகனுக்கு இப்படித்தான் நடந்தது. பொடியன் நாற்பது மணித்தியாலம் ஓடி முடிக்கப் போன கேம், சேமிப்பு எல்லாம் அந்தக் கணக்கோடு போனது. முறையிட ஆளில்லை, ஏனென்றால் கணக்கு அவனுடையதே இல்லை.

ஏன் அப்படி வாங்குகிறார்கள்? இலங்கையில் கேம் பாஸை முறையாக விற்பதில்லை. நாட்டுப் பட்டியலில் நாங்கள் இல்லை. வேறு நாட்டுக் கணக்குத் திறந்து, வேறு நாட்டு அட்டை தேடி, என்று சுற்றி வர வேண்டும். மாங்குளம் மச்சான் எப்படிக் கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம் மச்சான்:
லண்டன் அக்காவின் அட்டை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

குளக்கட்டு:
அப்போது குத்தகைக் காசு கட்டுவதும் நீர் இல்லை!

கடலோரம் முல்லை:
நாட்டுப் பட்டியல் என்று வந்ததால் ஒன்று. வாங்கினாலும் அந்தப் பட்டியல் விடாது. சோனியின் ஹெல்டைவர்ஸ் 2 கேம் ஞாபகம் இருக்கிறதா? 2024 மே மாதம், பிளேஸ்டேஷன் கணக்கு இணைத்தால்தான் இனி கணினியில் விளையாடலாம் என்று சோனி அறிவித்தது. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இல்லாத 177 நாடுகளில் ஸ்டீமில் அந்தக் கேமின் விற்பனையையே நிறுத்தினார்கள். இலங்கையும் அதில். ஏற்கெனவே வாங்கிய நாங்கள் என்ன செய்வது? உலகம் முழுக்கச் சத்தம் போட்டு, ஸ்டீமில் மோசமான மதிப்பீடுகள் குவிந்த பிறகு, மூன்றாம் நாள் சோனி பின்வாங்கியது. எங்களுக்காக இல்லை, சத்தத்துக்காக.

அதனால் என் கணக்கு இப்படி: இணையம் இல்லாமல் ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் பார்த்து வாங்குகிறேன். புயல் கிழமைகளில் எங்கள் பக்கம் சிக்னலே இல்லை. பற்றரியும் இன்வேட்டரும் இருந்ததால் இரவில் இரண்டு மணித்தியாலம் மடிக்கணினியில் ஹேடிஸ் விளையாடினேன், ஸ்டீமின் ஓஃப்லைன் முறையில். சந்தாக் கேமும் இறக்கி வைத்தால் கொஞ்சக் காலம் ஓடும். ஆனால் இடைக்கிடை இணையத்துக்கு வந்து, "நான் இன்னும் காசு கட்டுகிறேன்" என்று காட்ட வேண்டும். கிளவுட்டில், அதாவது நிறுவனத்தின் கணினியில் ஓடி இணையம் வழியாக வருகிற கேம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஸ்காபரோ சித்தப்பா:
காசு கட்டுகிற பக்கத்தில் இருந்து ஒரு ஆள் பேசலாமா?

மாதாமாதம் அட்டையில் கழிவது எங்களுக்கு லேசு, உண்மை. பார்க்கவே மாட்டோம். பார்க்காதபடியால்தான் நிறுவனத்துக்கு அது நல்ல வியாபாரம். ஆனால் கேம் பாஸின் உயர்ந்த சந்தாவான அல்டிமேட் 2025 ஒக்டோபரில் அமெரிக்க விலைக்கு 19.99-இல் இருந்து 29.99 டொலருக்குப் போனது. கணினிக்கு மட்டும் உள்ளது 11.99-இல் இருந்து 16.49. ஒரே நாளில். அதைப் பார்த்தோம். இங்கேயும் வாடகை, கார் இன்சூரன்ஸ், எல்லாம் ஏறித்தான் கிடக்கிறது. செலவு குறைக்க உட்காரும்போது முதலில் வெட்டுவது இப்படியான மாதக் கழிவுகளைத்தான். ஊரில் பிள்ளை பாதிக் கதையில் நிற்கிறானா என்று யாரும் யோசிப்பதில்லை. பிள்ளையும் "சித்தப்பா, ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்கக் கூச்சப்படும்.

வாங்கிக் கொடுத்தால் ஒரு தரம் கொடுத்தது கொடுத்ததுதான். என் கையில் அவன் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தம்பியின் மாமா போட்ட நிபந்தனையும் அதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். மனிசன் வருஷம் முழுக்கப் போன் வரக் கூடாது என்று பார்க்கிறார்.

குளக்கட்டு:
சித்தப்பா சொன்ன அந்த 2025 விலையில் கணக்குப் போட்டால், கணினிச் சந்தா மட்டும் வருஷத்துக்கு 198 டொலர். 60,000 ரூபாய்க்குக் கிட்ட. ஸ்டீமில் எங்கள் நாட்டுக்கு டொலரில்தான் விலை, ஆனால் தென்னாசியாவுக்கு என்று பல கேம்களுக்குக் குறைத்துப் போட்டிருப்பார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜூன் கடைசியிலும் பெரிய மலிவு விற்பனை. விட்சர் 3 மாதிரிப் பழைய பெரிய கேம்கள் அப்போது ஐந்தில் ஒரு பங்கு விலைக்கும் கீழே இறங்கும். அந்த 60,000-க்கு நீர் மூன்று வருஷம் விளையாட வாங்கலாம். புதுசாக வந்த அன்றே வேண்டும் என்று அடம் பிடிக்காவிட்டால்.

மாங்குளம் மச்சான்:
அந்த அடம்தான் அண்ணை எனக்கு. எல்லோரும் ஒரு கேமைப் பற்றிப் பேசும்போது நானும் பேச வேண்டும். மூன்று வருஷம் கழித்து விட்சர் முடித்துவிட்டு யாரோடு பேசுவது?

முள்ளியவளை அக்கா:
என்னோடு பேசலாம். நான் இப்போதுதான் அதில் நொவிகிராட் நகரத்துக்கு வந்திருக்கிறேன்.

பரந்தன் சந்தி:
எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக ஸ்காபரோ சித்தப்பாவுக்கு. மாமாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் கதைப்பார்.

இரண்டு சந்தேகம். கால்பந்துத் தம்பிக்கு வருஷா வருஷம் புதுசு வருகிறதே, அதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? மாமா கனடாவில் இருந்து எனக்கு எப்படி அனுப்புவது?

கடலோரம் முல்லை:
கால்பந்து மட்டும் நான் மாங்குளம் பக்கம். வருஷா வருஷம் மாறுகிற சாமானை முழு விலைக்கு வாங்குவது வீண். 2023 செப்டம்பரில், இந்தக் கால்பந்தைச் செய்கிற ஈஏ நிறுவனம் தன் பழைய ஃபிஃபா கேம்களை இணையக் கடைகளில் இருந்தே எடுத்துவிட்டது. வாங்கியவர்கள் இப்போதும் இறக்கலாம், புதிதாக ஆள் வாங்க முடியாது. தம்பிக்கு ஒன்லைனில் ஆட்களோடு விளையாட ஆசையென்றால் சீசன் பாதி கடந்து விலை விழும்வரை பொறுத்து வாங்குங்கள். பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு மாதச் சந்தாவும் பிழையில்லை, முறையான அட்டை இருந்தால்.

மாமா கேமாக அனுப்பப் பார்த்தால், நாட்டுக்கு நாடு விலை வித்தியாசம் கூடின சிலவற்றை ஸ்டீம் விடாது. டிஜிட்டல் கிஃப்ட் கார்டு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டீமில் இருவரும் நண்பர்களாகி மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும். ஆகவே இன்றைக்கே நண்பராகுங்கள், விற்பனை தொடங்கிய பிறகு ஓடித் திரியாமல்.

மல்லாவி ரிப்பேர்:
தம்பிமாருக்கு வேறு வேறு கணக்குத் திறந்து ஸ்டீம் ஃபெமிலியில் சேர்த்துவிடும். 2024-ல் வந்தது. ஒரே வீட்டு ஆட்கள் ஆறு பேர் வரை. நீர் வாங்கியதை அவர்களும் விளையாடலாம். ஒரே கேமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் என்றால் இரண்டு பிரதி வேண்டும், மற்றபடி சண்டை வராது.

இனி டேட்டா. ஸ்டீம் கேமின் கோப்புறையை இன்னொரு கணினியில் இருந்து அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கலாம். உம்முடைய கணக்கில் அந்தக் கேம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். common என்று ஆங்கிலத்தில் இருக்கும் உறைக்குள் போட்டுவிட்டு நிறுவச் சொல்லி அமர்த்தினால், இருக்கிற கோப்பைச் சரிபார்த்துவிட்டு மிச்சம் மீதியை மட்டும் இறக்கும். 150 ஜீபிக்குப் பதில் இரண்டு மூன்று ஜீபியோடு வேலை முடியும். மைக்ரோசொஃப்ட் கடைக் கேம்களில் இதைச் செய்யப் போனால் அனுமதி இல்லை, பூட்டு, அது இது என்று தலை வெடிக்கும். எனக்குச் சந்தா பிடிக்காததற்கு உண்மையான காரணம் அதுதான்.

வவுனியாவில் ஃபைபர் உள்ள பொடியன் ஒருவன் எனக்கு இறக்கித் தருவான். என்னிடம் விட்சர் 3, சைபர்பங்க், ரெட் டெட் மூன்றும் இருக்கிறது.

பரந்தன் சந்தி:
அண்ணை, மாமாவிடம் ஸ்டீம் கார்டு என்று சொல்லிவிட்டேன். "சரி, இனிப் போன் எடுக்காதே" என்றார். ரெட் டெட்டும் விட்சரும் டிசம்பர் விற்பனையில் வாங்குவேன். ஜீஓஜியில் வாத்தி சேருக்காக ஒன்று. ஹார்ட் டிஸ்க் எப்படி எடுப்பது? நான் மல்லாவி வந்து போக ஒரு நாள் முழுக்க முடியும்.

மாங்குளம் மச்சான்:
இடையில் நான் இருக்கிறேனே, என்னிடம் கொடுத்து விடுங்கள். நானும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன்.

மல்லாவி ரிப்பேர்:
உமக்கு எதற்கு மச்சான், நூறு கேம் திறந்து கிடக்கிறதே!

தம்பி, 1 டீபி டிஸ்க் காணும். விற்பனையில் வாங்கினதும் எனக்கு ஒரு செய்தி போடும். யாழ்ப்பாணம் போகிற காலை பஸ்ஸில் விடுகிறேன், பழைய சாரத் துண்டில் சுற்றி, மேலே உம்முடைய போன் நம்பர் எழுதி. நடத்துநர் தெரிந்த பொடியன்தான், சந்தியில் கை காட்டினால் நிறுத்துவான். அவனுக்கு 200 ரூபாய் கொடும். எடுத்ததும் குத்திப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லும், கேபிள் கொஞ்சம் லூஸ்.